கண்கொத்திப் பாம்பும் மன்னார் முத்தும்

"கண்ணுக்குள்ள எண்ணெய் விட்டுக்கொண்டு பார்" என்று எங்கட பக்கத்தில் சொல்வார்கள். கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் அதுவே விளக்கெண்ணெய் ஆகிவிடும். ஆங்கிலக்காரர் எண்ணெயோடு விடுவதில்லை. கண்ணைத் தோலுரித்து வைத்துக்கொள் என்கிறார்கள்: 'கீப் யுவர் ஐஸ் பீல்ட்'. கேட்கும்போதே கண் எரிகிறது.

இது அமெரிக்காவில் பிறந்த பேச்சு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சில் வரத் தொடங்குகிறது. அதற்கும் முன்னால், 1830களிலேயே, 'கீப் யுவர் ஐஸ் ஸ்கின்ட்' என்ற வடிவம் புழங்கியிருக்கிறது. இரண்டிலும் இமைதான் தோல். பழத்தோலை நீக்குவதுபோல இமையை விலக்கி வைத்துக்கொள், மூடிவிடாதே என்பதுதான் பொருள். லண்டனில் 1829இல் பொலிஸ் படையை உருவாக்கிய சேர் ரொபர்ட் பீலின் பெயரிலிருந்து இது வந்தது என்று சிலர் கதை சொல்வார்கள். அவருடைய பொலிஸ்காரரை 'பீலர்' என்று சனங்கள் கூப்பிட்டது உண்மைதான். ஆனால் அதே பொருளில் 'ஸ்கின்ட்' முன்பே இருக்கும்போது பீல் ஐயாவை இதற்குள் இழுக்கத் தேவையில்லை.

எனக்குப் பிடித்தது எங்களுடைய கண்கொத்திப் பாம்புதான். பச்சை நிறத்தில், கொடிபோல மெலிந்து, வேலியில் தொங்கிக்கொண்டிருக்கும். மனிதரின் கண்ணைக் கொத்தும் என்பது கட்டுக்கதை. அது தேடுவது பல்லியையும் ஓணானையும் தவளையையும். ஆனால் அதன் பார்வை கதையல்ல. கண்மணி கிடையாகக் கீறினதுபோல இருக்கும். நீண்ட மூக்கின் இரு பக்கமும் பள்ளம் ஓடுவதால் இரண்டு கண்ணாலும் ஒரே இடத்தை நேரே குறிபார்க்க முடியும். பாம்புகளில் இது அபூர்வம். சிங்களத்தில் அதற்கு 'எஹெட்டுல்லா' என்று பெயர். கண்ணைக் குத்துகிறது என்ற அதே கருத்துத்தான். அந்தச் சிங்களப் பெயரே விஞ்ஞானத்தில் அந்தப் பாம்பினத்தின் பேரினப் பெயராக உலகம் முழுக்கப் போய்விட்டது.

சரி, தொடர்மொழிகளை இத்தோடு விடுவோம். இப்படிக் கண்ணை உரித்து, எண்ணெயும் ஊற்றி, கொத்துகிற பாம்பாக ஒரு கரை முழுவதையும் ஓர் அரசாங்கம் பார்த்துக்கொண்டிருந்தது உண்டா என்று கேட்டால், உண்டு. அது எங்கட மன்னார்க் கரையில்தான். முத்துச் சலாபக் காலம்.

சுறாவும் ஒரு காவல்காரன்

மன்னார்த் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து தெற்கே போனால் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்று கரை நீளும். குதிரைமலையை முனையாகக் கொண்ட இந்தக் கரைக்கு மேற்கே, கடலுக்கடியில் கற்பாறைத் திட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் 'பார்' என்பார்கள். முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது அங்கேதான். வாடைக்காற்று அடங்கி, சோளகக்காற்று எழும்புவதற்கு இடைப்பட்ட மாசி, பங்குனி, சித்திரை மாதங்கள்தான் குளிக்கத் தோதான காலம்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பை விவரித்திருக்கிறார். பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, மந்திரம் போட்டுச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர்களுக்கு. அந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தான் செல்லும். இரவானதும் அவிழ்த்து விட்டுவிடுவார்களாம்.

இதை முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. பகலில் கட்டு, இரவில் அவிழ்ப்பு என்றால், இரவில் களவாகக் குளிக்க எவனுக்குத் துணிவு வரும்? சம்பளமில்லாத இராக்காவலுக்குச் சுறாவையே நிறுத்திவிட்டார்கள். மந்திரக்காரர் அதை நினைத்துத்தான் செய்தாரோ என்னவோ, பலன் அதுதான்.

இந்தச் சுறாக்கட்டுகிறவர்கள் பிரித்தானியர் காலத்திலும் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற், அந்த வேலை பரம்பரை வேலை என்றும், தன் காலத்தில் அதைச் செய்தவர் கத்தோலிக்கர் என்றும் எழுதுகிறார். மன்னாரை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. மந்திரம் யாருடையதானாலும் சரி, அது முடியாமல் குளிகாரர் தண்ணீரில் இறங்க மறுத்ததால் ஆட்சியாளரும் அதைச் சகித்துக்கொண்டார்கள்.

கவர்னரின் மாளிகை

அரிப்பில் கடலைப் பார்த்தபடி ஓர் இடிந்த கட்டடம் நிற்கிறது. செங்கல்லும் சாந்துமாகத் தடித்த தூண்கள். ஊர்ச் சனத்துக்கு அது அல்லிராணிக் கோட்டை. பதிவேட்டில் அது 'டொரிக்'; பிரித்தானிய இலங்கையின் முதல் கவர்னர் பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை. கிரேக்கத் தூண் மரபின் பெயரையே வீட்டுக்கும் வைத்துவிட்டார்கள். கண்டி இராச்சியத்தில் 19 வருடம் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்ததும் இதே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத்தான்.

கொழும்பை விட்டு இந்த முள்ளுக்காட்டுக் கரைக்கு வந்து கவர்னர் மாளிகை கட்டுவானேன்? காசுதான். ஒல்லாந்தரிடமிருந்து கரையைப் பிடித்த கையோடு 1796, 1797, 1798 என்று மூன்று வருடம் அடுத்தடுத்துச் சலாபம் நடத்திப் பெருந்தொகை அள்ளினார்கள். அந்தக் காசுச் சுவை நாக்கில் இருக்கும்போதுதான் நோர்த் வந்தார். மாளிகை எழும்பியது. பார்களோ, மூன்று வருடம் வழித்தெடுத்ததில் முன்னைப்போல ஈட்டவில்லை.

கை, வாய், வயிறு

சலாபம் என்றால் என்ன என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆளில்லாக் கரையில் சில கிழமைக்குள் ஓலைக் குடிசைகளால் ஒரு பட்டணம் முளைக்கும். கடைத்தெரு, நீதிமன்றம், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கும். கீழக்கரை, காயல்பட்டினத்து மரைக்காயர், தூத்துக்குடிப் பரதவர், செட்டிமார், பம்பாய் வியாபாரிகள், பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியர் என்று பல்லாயிரம் பேர் வந்து சேர்வார்கள். சலாபம் முடிந்ததும் பட்டணம் மறைந்துவிடும்.

நள்ளிரவுக்குப் பிறகு கரைக்காற்றில் படகுகள் புறப்படும். விடிந்ததும் குளிப்பு. கல்லைக் கட்டிய கயிற்றில் கால் வைத்துக் குளிகாரர் சர்ரென்று இறங்குவார். ஒரு நிமிடம், மிஞ்சினால் கொஞ்சம் கூட. கிடைத்ததைக் கூடைக்குள் வாரிப் போட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே நிற்பவர் இழுப்பார். ஒரு கல்லுக்கு இரண்டு பேர், மாறி மாறி. மத்தியானம் கடற்காற்று எழும்பியதும் எல்லாப் படகும் கரை திரும்பும்.

அந்தத் திரும்பும் பயணத்தில்தான் அதிகாரிகளின் தூக்கம் போனது. கையில் சிப்பி, இடுப்பில் கத்தி, கரைக்கு இன்னும் சில மணி நேரம். திறந்து பார்த்து நல்ல முத்தை விழுங்கிவிட்டால்? 1803இல் வெளியான ரொபர்ட் பெர்சிவலின் இலங்கை நூல் இதைச் சொல்கிறது: சந்தேகம் வந்தால் ஆளைப் பூட்டி வைத்து, வாந்திக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்து முத்தை வெளியே எடுத்தார்களாம். கடலுக்கடியில் மூச்சை அடக்கிச் செத்துப் பிழைத்து வந்த மனிதனுக்குக் கரையில் பேதி மருந்து. இதைப் படித்தபிறகு முத்துமாலையைப் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை.

பிற்காலத்தில் படகுகளில் காவலர்களை ஏற்றினார்கள். கரையில் வேலியடைத்த பெருங்கொட்டகைக்குள்தான் சிப்பியை இறக்க வேண்டும். அங்கே ஒரு நுட்பமான ஏற்பாடு இருந்தது. குளிகாரரே தன் சிப்பியை மூன்று சம குவியலாகப் பிரிப்பார். எது அவருடையது என்று அதிகாரி விரல் காட்டுவார். மற்ற இரண்டும் அரசுக்கு. அண்ணன் வெட்ட, தம்பி முதலில் எடுக்கிற மாம்பழம்தான் இது. எந்தக் குவியல் தனக்கு வரும் என்று தெரியாதபோது ஒன்றை மட்டும் நல்லதாக அமைக்க முடியாது. ஆயிரம் கண்ணால் பார்ப்பதை இந்த ஒரு விதி பார்த்துவிட்டது.

இரண்டாவது நுட்பம் இன்னும் பெரியது. அரசு தன் பங்குச் சிப்பியைத் திறக்கவே இல்லை. மூடியபடியே ஆயிரம் ஆயிரமாக மாலையில் ஏலம் போட்டது. உள்ளே ஆணிமுத்து இருக்குமோ வெறும் தூள் இருக்குமோ, அது வாங்கியவரின் அதிர்ஷ்டம். அந்த ஏலத்தோடு காவல் தலையிடியும் வியாபாரியின் தலைக்குப் போனது.

வியாபாரி அதை எப்படிச் சுமந்தார்? சிப்பியைத் தொட்டியிலும் பழைய வள்ளங்களிலும் கொட்டி ஒரு கிழமைக்கு மேல் அழுக விடுவார்கள். இலையான் முட்டையிட்டுப் புழு சதையைத் தின்னும். பிறகு கடல்நீர் விட்டு அலசல். அலசுகிற கூலிகள் வள்ளத்தின் ஒரே பக்கத்தில் வரிசையாகக் குந்த வேண்டும். ஓட்டை வெளியே போட மட்டும்தான் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கலாம். இலையான் முகத்தில் மொய்த்தாலும் கை வாய்ப்பக்கம் போகக்கூடாது. முன்னும் பின்னும் மேற்பார்வைக்காரர். அடியில் மிஞ்சுகிற சரக்கைத் துணியில் காயவைத்து, பெண்களும் பிள்ளைகளும் கண் நோகப் பொறுக்குவார்கள். ஒரு முறையல்ல, பல முறை.

அடுத்தது தரம் பிரிப்பு. பித்தளையில் செய்த துளைப்பெட்டிகள் பத்து. முதல் பெட்டியில் 20 துளை. பிறகு 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. துளை கூடக் கூடத் துளையின் வாய் சிறுக்கும். எந்தப் பெட்டியில் தங்குகிறதோ அதுதான் முத்தின் அளவு. அதன்பின் உருண்டையும் ஒளியும் பார்த்து ஆணி, அணைதாரி, வடிவு, தூள் என்று வகை. மஞ்சாடிக் கணக்கில் நிறை. இந்த வேலையில் தமிழ் வியாபாரியின் கண்ணுக்கு இணையான கருவி அப்போது கிடையாது.

வூல்ஃப் பார்த்தது

1906இல் மரிச்சுக்கட்டிச் சலாபத்துக்கு யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து ஓர் இளம் அதிகாரி அனுப்பப்பட்டார். பெயர் லெனார்ட் வூல்ஃப். பின்னாளில் எழுத்தாளர் வர்ஜினியா வூல்ஃபின் கணவர் என்று உலகம் அறிந்தவர். ஒரு சில வெள்ளை அதிகாரிகளாகப் பல்லாயிரம் சனத்தை வைத்துச் சலாபத்தை நடத்திய அனுபவத்தைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அழுகும் சிப்பியின் நாற்றத்தோடு 'முத்துகளும் பன்றிகளும்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுகதையும் 1921இல் வெளியிட்டார். ஆள்கிறவன் யார், அவனுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அந்தக் கதைக்குள் இருக்கிறது. வூல்ஃப் 1911இல் விடுமுறையில் ஊருக்குப் போய், அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டார்.

அவர் வருவதற்கு முந்தைய வருடம், 1905, சலாபத்தின் உச்சம். 300க்கு மேற்பட்ட படகுகள், ஏறக்குறைய 5000 குளிகாரர், 8 கோடி சிப்பி, அரசுக்கு 25 இலட்சம் ரூபாய் வருமானம். அந்தக் காலத்து 25 இலட்சம். அதைக் கண்டு லண்டனில் முதலாளிகள் ஒரு கம்பனி தொடங்கி, வருடம் 3,10,000 ரூபாய்க்கு 20 வருடக் குத்தகை எடுத்தார்கள். 1907க்குப் பிறகு பார்களில் எடுக்கத்தக்க சிப்பி இல்லை. 1912இல் கம்பனியைக் கலைத்தார்கள். 1925இல் ஒரு சலாபம் நடந்தது. அதன்பின் அந்தக் கரையில் அப்படியொரு பட்டணம் முளைக்கவே இல்லை.

எங்கே போனது?

யாராவது களவெடுத்தார்களா? 8 கோடி சிப்பியை எந்தக் குளிகாரரும் விழுங்கவில்லை.

பார்கள் வெறுமையாவது அதற்கு முன்பும் நடந்ததுதான். அப்படியொரு காலத்தில் விடை தேடித்தான் 1902இல் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் வந்தார். கூட வந்தவர் ஜேம்ஸ் ஹோர்னெல். அவர் இங்கேயே தங்கிப் பார்களை ஆராய்ந்தார். அவர்கள் கண்டது: சோளகக் காலத்து நீரோட்டம் மணலைப் புரட்டிக் குஞ்சுச் சிப்பியை மூடிவிடும், அல்லது வாரிக்கொண்டு போய்விடும். திருக்கையும் கிளாத்தியும் சிப்பியைக் கொறித்துத் தின்னும். நெருக்கியடித்து வளர்ந்தால் தீனி போதாமல் சாகும். இவ்வளவுக்கும் தப்பினால் நாலைந்து வயதில் முத்துக்கு ஏற்ற பருவம் வரும். அப்போது எடுக்காமல் விட்டால் ஆறேழு வயதில் தானாகவே செத்துவிடும். முந்தி எடுத்தாலும் நட்டம், பிந்தினாலும் நட்டம்.

பெரிய பார் என்று ஒன்று உண்டு. ஆழ்கடல் சரிவின் விளிம்பில் நீளமாகக் கிடப்பது. கடற்சனங்கள் அதைத் தாய்ப்பார் என்றார்கள். அங்கே பிறக்கும் குஞ்சுதான் மற்றப் பார்களுக்குப் போகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. 1880 முதல் சுமார் இருபது வருடத்தில் அந்தப் பாரில் பதினொரு தடவை குஞ்சுச் சிப்பி கம்பளம் விரித்ததுபோல நிறைந்திருக்கிறது. ஒரு தடவைகூட அது சலாபத்துக்கு வளரவில்லை. அடுத்த பரிசோதனைக்குப் போனால் வெறுங்கல். அந்தக் குஞ்சுகளை அள்ளிப் பாதுகாப்பான பாருக்கு இடம்மாற்றுங்கள் என்பதுதான் ஹேர்ட்மனின் முக்கிய ஆலோசனை.

பதினொரு தடவை என்று அவரால் எப்படிச் சொல்ல முடிந்தது? முத்துப்பார் பரிசோதகர் என்று ஒரு பதவி இருந்தது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட், கப்டன் டோனன் போன்றவர்கள் அந்த வேலையில் இருந்து, குளிகாரரை இறக்கி, மாதிரிச் சிப்பி எடுத்து, வயதும் எண்ணிக்கையும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார்கள். கரையில் ஒரு படையே குளிகாரரின் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடலைப் பார்த்தது இந்த ஒற்றைப் பதவிதான். அதுவும் பெரும்பாலும் அடுத்த சலாபம் எப்போது என்று கணக்குப் போடுவதற்காக. 1837க்கும் 1854க்கும் இடையில் ஒரு சலாபமும் நடக்கவில்லை. அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் விஞ்ஞானியைக் கூப்பிடுவதும் மறப்பதுமாகவே காலம் போனது. 1850களின் கடைசியில் டொக்டர் கெலார்ட் திருகோணமலையில் சிப்பியைத் தொட்டியில் வளர்த்து நல்ல ஆராய்ச்சி செய்தார்; அவர் 1860இல் இறந்ததும் வேலை நின்றது.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஏழையின் கையைப் பார்க்க எப்போதும் ஆள் கிடைக்கும், காசும் கிடைக்கும். கடலைப் பார்க்கத்தான் இரண்டும் கிடைக்காது. களவு போனது சில முத்து. கவனியாமல் போனது முழுப் பாரும். ஹேர்ட்மன் சொன்னபடி இடம்மாற்றலை விடாமல் செய்திருந்தாலும் ஜப்பானின் வளர்ப்பு முத்து 1920களில் சந்தையை உடைத்திருக்கும், உண்மை. ஆனால் சிப்பியாவது மிஞ்சியிருக்கும்.

இன்றைக்கு

பழங்கதை என்று விட்டுவிட வேண்டாம். அதே கடலில் இன்று இழுவைமடிப் பிரச்சினை. அடிமண்ணை வழித்துக்கொண்டு போகிற அந்த வலையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. எல்லை தாண்டி வரும் படகைப் பிடிக்கிறோமா, பிடிபட்டவரை விடுகிறோமா என்ற செய்தி வராத கிழமை இல்லை. வலை போன இடத்தில் கடலடி எப்படி இருக்கிறது என்ற செய்தியை எப்போது கடைசியாகப் படித்தீர்கள்?

மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாடிகள் 2020 முதல் மின்சாரம் தருகின்றன. இன்னும் வைக்கும் பேச்சு எழுந்தபோது சனம் எதிர்த்தது. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் தன் திட்டத்திலிருந்து விலகியது. பக்கத்திலேயே வங்காலைச் சரணாலயம். 2008இல் அறிவித்தது, 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரையும் ஊசிவால் வாத்தும் ஆயிரக்கணக்கில் வரும் இடம். அங்கே தை மாதத்தில் தொலைநோக்கியோடு நின்று பறவை எண்ணுகிறவர்களைச் சிலர் வேலையற்றவர்கள் என்று நினைக்கலாம். டோனனின் நாட்குறிப்பு இல்லாமல் பெரிய பாரின் கதை யாருக்கும் தெரிந்திராது. அதுபோலத்தான் அந்த எண்ணிக்கையும். காற்றாடி வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் பேச அதுதான் ஆதாரம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அரிப்பு டொரிக்கைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது. பார்க்க நினைப்பவர்கள் பிற்போட வேண்டாம். மன்னார், எருக்கலம்பிட்டி, கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி வீடுகளில் துளைபோட்ட பித்தளைப் பெட்டியோ, மஞ்சாடித் தராசோ, சலாபக் கணக்கெழுதிய கொப்பியோ கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடாதேங்கோ. படம் எடுத்துத் திகதியும் ஊரும் எழுதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் போல ஒரு பொது இடத்தில் கொடுத்து வையுங்கோ.